பாடைக்கு விட்ட வரப்பு

முத்துப்பேட்டைக்கு வடக்கே இருந்த அந்த ஊரில், தெற்குத் தெருவில் யார் இறந்தாலும் பாடை ஊர்ச்சாலையில் போகக் கூடாது. வயல் வழியாகத்தான் போக வேண்டும். நடவு முடிந்திருந்தால் சேற்றில் தடுமாறித் தூக்கிப் போவார்கள். பயிர் மிதிபட்டால் வசவும் வாங்குவார்கள்.

ஊருக்குள் குடியிருந்த கிறிஸ்தவ விவசாயி மதலைமுத்து ஒரு சாகுபடியின்போது தன் வயல் வரப்பை, சோடியாக இருவர் நடக்கும்படி அகலமாகப் போட்டான். நிலத்தை ஏன் வீணாக்குகிறாய் என்று அக்கா அமலோற்பவம் கேட்டாள்.

"செத்தவங்க சேத்துல விழக் கூடாதுக்கா."

பக்கத்து வயல் நாகநாதன், இது சாமியார் சொல்லியா, செங்கொடிக்காரன் சொல்லியா என்று கிண்டலடித்தார். அவன் சிரித்ததோடு சரி. தாயில்லாத அவனை வளர்த்தவள் அமலோற்பவம். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

தி.மு.க. ஆட்சிக்கு வந்த புதிது. கூலித் தகராறு முற்றி, மிராசுதார்கள் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார்கள். ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. அந்த ஐப்பசி மழையில், தெற்குத் தெருவில் விவசாயக் கூலிச் சங்கத்து வீரையனின் தாய் காளியம்மாள் இறந்துபோனாள்.

மதலைமுத்துவின் வரப்பு வரைக்கும் பாடை ஒழுங்காக வந்தது. அதற்கப்பால் நாகநாதனின் வரப்பு, ஒற்றைக் கால் வைக்கிற அகலம், மழையில் கரைந்து கிடந்தது. வாய்க்காலில் இறங்கினார்கள். மார்பளவுத் தண்ணீர். முன்னால் தூக்கியவர் வழுக்கி விழ, பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. மதலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

அமலோற்பவத்தின் மகள் கல்யாணத்தை அறிவித்து மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில், இரண்டாம் ஓலை வாசித்திருந்த வாரம் அது. மாப்பிள்ளை வீட்டாரும் இவர்களைப் போல வேதக்காரர்கள்தான்; ஆனாலும் சாதியை விடாதவர்கள். தாய்மாமன் தெற்குத் தெருப் பாடையைத் தோளில் வைத்தான் என்று தெரிந்தால் மூன்றாம் ஓலைக்கு வேலை இருக்காது.

"எறங்காத தம்பி. புள்ள கல்யாணத்த நெனச்சுப் பாரு." பின்னாலேயே ஓடிவந்த அமலோற்பவம் கரையில் அவனை மறித்தாள்.

அக்கா சொல்லை அவன் தட்டியதே இல்லை. கரையிலேயே நின்றுவிட்டான்.

தண்ணீருக்குள்ளிருந்து வீரையன் நிமிர்ந்து பார்த்தான். "வழி விட்டீங்களே அய்யா, அது போதும். நாங்க தூக்கிக்கிறோம்."

அவன் குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் மதலைமுத்து மறந்திருப்பான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர் சாவில்கூட மதலைமுத்து தோள் கொடுக்கவில்லை. கேட்டால், "அன்னைக்குக் குடுக்காத தோளு" என்பான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

மறு வருஷம் நாகநாதன் தன் வரப்பையும் அகலப்படுத்தினார். யாரும் கேட்கவில்லை. "என் வயலோரத்துலதானே பாடை சாஞ்சுது" என்று மட்டும் சொன்னார். மதலைமுத்து கேட்டுத் தலையாட்டினான். அவனுக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு தை மாதம் அவனும் போய்ச் சேர்ந்தான். வாசலில் சவப்பெட்டியைத் தூக்கியபோது, தெற்குத் தெருக்காரர்கள் புளியமரத்தடியில் ஒதுங்கியே நின்றார்கள். அமலோற்பவம் வீரையனிடம் நடந்து போனாள்.

"வந்து தோள் குடுப்பா."

சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். முன்பக்கம் பிடித்திருந்த நாகநாதன் விலகித் தன் இடத்தை விட்டார். வீரையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

அமலோற்பவம் வாசலிலேயே நின்றாள். அன்று வாய்க்கால் கரையில் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. கேட்க வேண்டியவன் பெட்டிக்குள் படுத்தபடி போய்க்கொண்டிருந்தான்.