பார்க்க ஒன்றுமில்லாத எண்பது கிலோமீற்றர்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் யூட் அண்ணையைத் தெரியாத தமிழர் இல்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறார் என்பதற்காக மட்டுமல்ல. பாரிசில் கலியாணம், லண்டனில் செத்தவீடு, சுவிசில் சாமத்தியச் சடங்கு என்று யார் வாடகைக்கு வான் பிடித்தாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். எந்த வழியால் போவது, எங்கே நிற்பது, எந்த இடத்தில் புட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைக்காரர் முறைத்துப் பார்க்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் முழிப்பார்.

அவருடைய மனைவி நேசமலர் என் சிநேகிதி. இருவரும் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறோம். என்னைவிட மூத்தவர் என்பதால் நேசம் அக்கா என்பேன். ஒரு காலத்தில் வான் வந்து நின்றால் முதலில் ஏறி யன்னல் கரையைப் பிடிப்பவர் அக்காதான். ஹோர்ன் சத்தத்துக்கு முன்பே பாட்டுத் தொடங்கிவிடும். கர்ப்பப்பை எடுத்த ஒப்பரேசனுக்குப் பிறகு எல்லாம் மாறியது. இருமினால் பயம், சிரித்தால் பயம், வான் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினால் பயம். அரை மணித்தியாலத்துக்கு மேல் அவரால் சிறுநீரை அடக்கிவைத்திருக்க முடியாது. இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று அந்தோனியார் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

வைத்தியரிடம் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவுக்கு வைத்தியரிடம் எப்போதும் மொழிபெயர்த்தது மகள் கவிசா. பல்வலி, தலைவலியைச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பிள்ளைதான் ஜெர்மனில் சொல்லி வந்தது. இதை எப்படிப் பிள்ளையின் வாயால் சொல்விப்பது? ஆகவே அக்கா வெளியே போவதை விட்டுவிட்டார். போயே ஆகவேண்டுமென்றால் முதல்நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். சொந்தத் தம்பியின் மகளுடைய கலியாணத்துக்குப் பாரிசுக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்திருந்தார். "நேசத்துக்கு இப்ப கெப்பர், எங்களை மதிக்கிறேல்லை" என்று சனம் கதைத்தது. எனக்கோ வாய் சும்மா இருக்காது. அந்தச் சத்தியத்துக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கவிசாவுக்குக் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. போன வருடம் யூலையில் ஒருநாள் வீடியோவில் வந்தாள். நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"அம்மா, அப்பா, வாற வருசம் யூனிலை வாங்கோ. நான் கார் எடுக்கிறன். பாலைவனத்துக்குள்ளாலை ஒரு கிழமை ஓடுவம். எங்கையெங்கை நிக்கிறதெண்டு அப்பாதான் பாத்துச் சொல்லோணும்."

அண்ணையின் முகம் மலர்ந்தது. மகள் தொடர்ந்தாள். "ஒண்டு சொல்லிப்போட்டன். அங்கத்தை வெயில் பொல்லாதது. எல்லாரும் தண்ணி குடிச்சுக்கொண்டே இருக்கோணும்."

அக்காவின் முகம் இருண்டது. "நீங்கள் போட்டு வாங்கோ. மண்ணைப் பாக்கிறதுக்கு ஆரும் அமெரிக்காவுக்குப் போவினமே?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

ஒரே பிள்ளை. பார்த்து ஒரு வருடம். தாய் வரமாட்டேன் என்கிறாள் என்றால் அண்ணைக்கு எப்படி விளங்கும்? பாவம், தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தார். எங்கள் ஆட்கள் இடம் பார்க்கப் பயணம் போவதில்லை, ஆட்களைப் பார்க்கத்தான் போவது. வழியில் நிற்பதென்றால் சொந்தக்காரர் வீடு. பாரிசுக்கு எத்தனையோ தரம் போன இவர்கள் ஐஃபல் கோபுரத்தைக் கார் யன்னலால் பார்த்ததோடு சரி. பாலைவனத்தில் நம்மவர் ஒருவரும் இல்லை என்பதுதான் நேசத்தின் கவலை என்று அண்ணை முடிவுகட்டினார். ஒரு மாதம் பாடுபட்டு, லாஸ் வேகாசில் ஒன்றுவிட்ட மச்சானின் தம்பியையும், பீனிக்சில் அக்காவோடு கன்னியர்மடத்தில் படித்த ஒருத்தியையும் தேடிப்பிடித்தார்.

"ஒவ்வொரு இரவும் எங்கடை ஆக்களின்ரை வீடு. சோறும் கறியும்," என்று பெருமையோடு அறிவித்தார்.

மறுநாள் பாத்திரம் கழுவும் மெசினுக்குப் பக்கத்தில் அக்கா அழுதார். "மற்றவை வீட்டுப் படுக்கை, பிருந்தா. விடிய எழும்பி அந்த விரிப்பை எப்பிடி மறைக்கிறது? செத்தாலும் போகமாட்டன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

அந்த ஓகஸ்டில் கெவெலார் திருவிழா வந்தது. மாதாவிடம் ஜெர்மனியில் உள்ள தமிழர்கள் எல்லாம் திரளும் நாள். சைவக்காரியான நானும் வருடம் தவறாமல் போவேன்; மாதா சமயம் கேட்பதில்லை. அவர்களுடைய காரில்தான் போனேன். அன்று வெயில் கொளுத்தியது. மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் நின்ற நேசம் அக்கா, ஒரு சத்தமும் இல்லாமல் என் தோளில் சரிந்து கீழே விழுந்தார்.

முதலுதவிப் பையன்கள் ஓடிவந்தார்கள். காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்று ஒருவன் ஜெர்மனில் கேட்டான். "நிறைய" என்றார் அக்கா, உதடு வெடித்திருக்க. அண்ணை தண்ணீர் எடுக்க அவருடைய கைப்பையைத் திறந்தார். போத்தலின் மூடி உடைக்கப்படவேயில்லை. அண்ணை போத்தலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மாதாவைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அண்ணை மூன்று இடத்தில் காரை நிறுத்தினார். முதலில், "டயர் ஒருமாதிரிக் கிடக்கு" என்றார். அடுத்த இடத்தில் கோப்பி வேண்டுமாம். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் கோப்பி வாங்குவது பாவம் என்று ஊருக்கே உபதேசிக்கிற மனுசன்! மூன்றாவதாக லொறிகள் நிற்கும் ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்த இடம் நல்ல வடிவாயிருக்கு, என்ன?" என்றார். ஒவ்வொரு தரமும் அக்கா, "வந்தனான்தானே, ஒருக்காக் கை கழுவிக்கொண்டு வாறன்" என்று இறங்கினார். ஒவ்வொரு தரமும் அண்ணை கழிப்பறைக் கதவுக்கு முதுகைக் காட்டியபடி லொறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. பேருந்து சாரதிக்கு இது தெரியாத வேதனையா? கடைசித் தரிப்பிடத்தில் கழிப்பறை பூட்டியிருந்தால் திரும்பி வரும்வரை அந்தப் பாட்டை அவர்தானே படுகிறார். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு கூரையின் கீழ் முப்பது வருடம் வாழ்ந்து பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், ஒருவருக்கொருவர் இதைச் சொல்ல ஒரு சொல் இல்லையா?

அதற்குப் பிறகு பாலைவனத் திட்டம் தலைகீழாக மாறியது. சொந்தக்காரர் எல்லாரும் பாதையிலிருந்து கழன்றார்கள். பேருந்து நிற்கும் இடைவேளைகளில் அண்ணை தொலைபேசியும் கையுமாக இருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து வரைபடத்தில் குத்திய சிவப்புப் புள்ளிகளைக் காட்டுவார். வீதியோரத்தில் ஆளுயரத்துக்குப் பலமடங்கு பெரிய சிமெந்து டைனோசர்கள். கோபுரம் போல நிற்கும் ஒரு வெப்பமானி. சனம் விட்டுப்போன பழைய சுரங்க ஊர். பேரீச்சம்பழத்தை ஐஸ்கிறீமோடு அடித்துக் கொடுக்கும் கடை. கல் விற்கும் கடை, அதற்கு அடுத்ததாக இன்னொரு கல் விற்கும் கடை.

"அண்ணை, பக்கத்து எசனிலை இருக்கிற மியூசியத்துக்கே நீங்கள் ஒருநாளும் போகேல்லை," என்றேன்.

"இப்பதான் ஆசை வந்திருக்கு, தங்கச்சி," என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

அதுவரை குத்திய எந்த இரண்டு புள்ளிக்கும் இடையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. டைனோசரைப் பார்க்கவா இந்த மனுசன் இப்படி மாய்கிறார்?

அவருடைய கெட்டித்தனம் ஓர் இடத்தில் சறுக்கியது. அந்தந்தக் கடைகளில் கழிப்பறை உண்டா, துப்புரவானதா, கதவுத் திறப்பைக் கேட்டு வாங்கவேண்டுமா என்று அவரால் இங்கிருந்து விசாரிக்க முடியவில்லை. கவிசாவைக் கேட்கச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டாள். "எனக்குத்தான் பிள்ளை. அப்பாக்கு இப்ப அடக்க ஏலாமல் கிடக்கு," என்றார்.

பிள்ளை சும்மா இருப்பாளா? உடனே தாய்க்கு எடுத்தாள். "அம்மா, அப்பாக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரொய்லெற்றுக்குப் போகோணுமாம். ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? அவரைக் கட்டாயம் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வேலைநாள் முழுவதும் பேருந்துக் கதிரையில் அசையாமல் இருந்துவிட்டு வருகிற மனுசனைப் பற்றி மகள் இப்படிச் சொல்ல, அக்கா "ஓம், கூட்டிக்கொண்டு போறன்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாராம். மறுநாள் வேலைக்கு வந்து ஏப்ரனைக்கூடக் கட்டவில்லை.

"என்ரை வெக்கத்தை அவர் தன்ரை தலையிலை தூக்கி வைச்சிருக்கிறார், பிருந்தா," என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு, "டொக்டரிட்டை எனக்கு ஒரு தெர்மின் எடுத்துத் தா. நீயே வந்து கதை," என்றார்.

போனோம். வைத்தியர் எங்கள் வயதுப் பெண். இப்படி எத்தனையோ பேர் வருகிறார்கள், ஏன் இவ்வளவு காலம் பொறுத்தீர்கள் என்று கேட்டுவிட்டுச் சில பயிற்சிகள் சொல்லித் தந்தார். அக்கா உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் அதைச் செய்தார். மாசியில் கொஞ்சம் தேறியது. ஆனால் முழுதாகப் போகவில்லை. பாலைவனத்துக்கு வருகிறேன் என்றும் அவர் இன்னும் சொல்லவில்லை. அண்ணைக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை.

பங்குனியில் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். ஒரு சின்னப் பட்டினத்தைத் தாண்டினால் எண்பது கிலோமீற்றருக்கு ஒன்றுமே இல்லை. டைனோசர் இல்லை, பெட்டிக்கடை இல்லை, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. சுற்றிப் போனால் அரைநாள் கூடுதலாக ஓடவேண்டும்.

"அண்ணை, வாயைத் திறந்து அக்காவோடை கதையுங்கோவன்."

"அவ வெக்கப்படுவா, தங்கச்சி."

நான் மறுபடி நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து என் நாக்குத்தான் தேய்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் குசினியில் மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று அண்ணையின் தொலைபேசியை இழுத்து வரைபடத்தைப் பார்த்தார். விரல் சிவப்புப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போய், ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது.

"இதிலை பாக்க என்ன இருக்கு?"

அண்ணை தடுமாறினார். "கல்லு."

"என்ன கல்லு?"

"நல்ல கல்லு."

அக்கா கையை எடுக்கவில்லை. அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார். "நேசம், நீ எந்தக் கல்லைக் காட்டுறியோ அதிலை நிப்பாட்டுவன். எத்தினை தரமெண்டாலும் நிப்பாட்டுவன். நானும் பிள்ளையும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிப்பம்."

நான் தேத்தண்ணிக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். அந்த மனுசன் தன்னால் முடிந்த அளவுக்கு வாயைத் திறந்துவிட்டார்.

"அப்ப ஒரு பழஞ்சீலை கொண்டுபோவம்," என்றார் அக்கா. "கவிசா ஒரு பக்கம் பிடிச்சாள் எண்டால் மறைப்பாய் இருக்கும்."

அந்தக் காலத்துப் பயணங்களில் வழியில் எங்கள் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். இருவர் சேலையை விரித்துப் பிடிக்க மூன்றாமவள் மறைவில் இருப்பாள். அக்கா வருகிறேன் என்று சொன்னது அவ்வளவுதான். அண்ணை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இந்த யூனில் அவர்களை டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு அனுப்ப நானும் போனேன். அண்ணை ஓட்டினார், திரும்பக் காரைக் கொண்டுவருவது நான். முன் ஆசனத்தில் இருந்த அக்கா கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். டக்கென்று மூடி உடைகிற சத்தம் கேட்டது. அண்ணாந்து குடித்தார், அரைப்போத்தல். அண்ணை வீதியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பாதி வழியில் அக்கா வாயைத் திறந்தார். கை கழுவ வேண்டும் என்று சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்கு ஒண்டுக்குப் போகோணும். நிப்பாட்டுங்கோ."

"ஓம்," என்றார் அண்ணை. வெளியேறும் வழி வர எவ்வளவோ தூரம் இருக்க, அப்போதே சிக்னலைப் போட்டுவிட்டார்.

ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் அண்ணை, இஞ்சை பாக்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை, தங்கச்சி. மனிசிக்கு ஒண்டுக்குப் போகோணுமாம். அதுக்குத்தான் நிப்பாட்டினது," என்றார் யூட் அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. கதவைத் திறந்து இறங்கி, அவசரப்படாமல் தனியாக நடந்து போனார்.