மூன்றாம் வரிசையில் அசுந்தா

நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் அந்த மாதா கோயிலைக் கட்டி முடிக்க மூன்று வருஷம் பிடித்தது. பகலெல்லாம் சாக்கடைப் பள்ளம் தோண்டிவிட்டு வந்த இத்தாலிய ஆண்கள், சாயங்காலம் கூலி வாங்காமல் அஸ்திவாரம் தோண்டினார்கள். பெண்கள் இடுப்பில் கட்டிய முன்துணியில் செங்கல் சுமந்தார்கள். அசுந்தா பெட்ரில்லோ ஆறு மாத வயிற்றோடு சுமந்தாள். வேண்டாமென்று தடுக்க வந்த புருஷன் டொனாட்டோ தலையிலும் நாலு கல்லை ஏற்றிவிட்டாள்.

கோயில் திறந்ததும் அயர்லாந்துக்காரப் பாதிரியார் கல்லினேன் ஓர் ஏற்பாடு சொன்னார். அயர்லாந்துக்காரர்களுக்கு மேலே பூசை, இத்தாலியர்களுக்கு நிலவறையில். இத்தாலியர்கள் மேல் வீசும் பூண்டு நாற்றம் தாங்கவில்லை என்று அயர்லாந்துக்காரர்கள் சிலர் முறையிட்டிருந்தார்கள். கொஞ்ச காலத்துக்குத்தான் என்றார். அந்தக் கொஞ்ச காலம் ஆறு வருஷமாக நீண்டது.

ஆறாம் வருஷம் மார்ச்சில் பனி உருகி, நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பலகை போட்டிருக்கிறது, அதன்மேல் நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அசுந்தா படியில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய முதல் புதுச் செருப்பு அது.

"நான் மேலே போறேன்" என்றாள்.

"வம்பு வேணாம் அசுந்தா" என்றான் டொனாட்டோ.

"வம்புக்கு யாரு போறா? பூசைக்குப் போறேன். நீங்க வேணா இங்கயே நீந்துங்க."

மேலே போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். கோயிலில் ஆட்களை உட்காரவைக்கும் பொறுப்பு ஹான்ரட்டியுடையது. விறைப்பான மனிதர். வேகமாக வந்து குனிந்தார்.

"உங்காளுங்க எல்லாம் கீழம்மா."

துணி வெளுக்கப் போகும் வீடுகளில் பொறுக்கிய ஆங்கிலம் அசுந்தாவுக்குக் கைகொடுத்தது. பக்கத்துத் தூணைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குக் கல்லு சுமந்தவ நான். முதல்ல இதைக் கீழே அனுப்புங்க. பின்னாலேயே வர்றேன்."

ஹான்ரட்டியின் முகம் சிவந்தது. அதே வரிசையில் இருந்த அவர் மனைவி பிரைடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னடி சிரிப்பு?"

"உங்கப்பா வேலை கேட்டுப் போன கடையில, அயர்லாந்துக்காரன் வராதேன்னு பலகை தொங்குச்சாமே. நீங்கதான சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவீங்க. இப்ப அந்தப் பலகைய நீங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

பிரைடி நகர்ந்து இடம் விட்டாள். பூசை தொடங்கியது. லத்தீன் பாட்டு இருவருக்கும் பொது. அசுந்தா கூரை அதிரப் பாடினாள்.

"மெதுவாம்மா, இந்தக் காது எனக்கு இன்னும் வேணும்" என்றாள் பிரைடி.

பூசை முடிந்ததும் பாதிரியார் வாசலில் மறித்தார். "அடுத்த வாரத்துக்குள்ள கீழே காஞ்சிடும்மா."

"நல்லதா போச்சு ஃபாதர். உங்க அயர்லாந்து உருளைக்கிழங்கு மூட்டையெல்லாம் அங்க அடுக்கிக்கலாம்."

அடுத்த ஞாயிறு அவளோடு பதினேழு பெண்கள் படியேறினார்கள். அதற்கடுத்த வாரம் டொனாட்டோவும் வந்தான், தொப்பியைக் கசக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். நாலைந்து அயர்லாந்துக் குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு கோயிலுக்குப் போயின. மேலே எல்லோருக்கும் இடம் உண்டென்று பாதிரியார் வாய் திறந்து அறிவிக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அறிவித்தபோது அசுந்தா அக்கம்பக்கம் பார்த்து, "யாருக்குச் சொல்றாரு?" என்று கேட்டாள்.

பிரைடியும் அவளும் பூசை முடிந்து கடைத்தெருவுக்குச் சேர்ந்தே போனார்கள். மீன்காரனிடம் ஒருத்தி விலையைக் குறைப்பாள், மற்றவள் எடையைச் சரிபார்ப்பாள். ஹான்ரட்டி மட்டும் கடைசிவரை அசுந்தாவைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் அவளுக்கு முன்னால் நடந்துபோய், மூன்றாம் வரிசையைக் கைநீட்டிக் காட்டுவார்.

"தெரியுது மிஸ்டர் ஹான்ரட்டி, எனக்கும் கண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உட்காருவாள்.