மூன்று கரண்டி சோப்புத் தூள்

வாஷிங் மெஷின் தண்ணீர் ஒழுகித் தன் வீட்டுக் கூரையெல்லாம் ஈரம் என்று கீழ்வீட்டுக்காரர் மேலேறி வந்து சத்தம் போட்ட பிறகுதான், பஸ் கண்டக்டரின் மனைவி மெக்கானிக்கை அழைத்தார். ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் கண்டக்டருக்கு நாளொன்றுக்கு நான்கு விரிப்புகள் வேண்டும். வாஷிங் மெஷின் நின்றுவிட்டால், அந்த அம்மாவின், முன்பு எலும்பு முறிந்து சேர்ந்த மணிக்கட்டுதான் அத்தனையையும் பிழிய வேண்டும்.

மெக்கானிக் டிரம்மைக் கையால் சுற்றினார். கடகடவென்றது.

"ஹோஸ் நல்லாத்தான் இருக்கு. உள்ள சீல் போயி, தண்ணி இறங்கி, டிரம் சுத்துற பேரிங் துருப்பிடிச்சிருக்கு. தூள் அதிகமானா சீல் அரிச்சிடும். எவ்வளவு போடுறீங்கக்கா?"

"மூணு கரண்டி."

"ஊர்த் துணியெல்லாம் நீங்கதான் துவைக்கிறீங்களா?"

"அவருக்கு நாத்தம் ஆகாது தம்பி. வேலைக்குப் போய்க்கிட்டிருந்தப்பவே காலையில ஒரு சட்டை, மத்தியானம் ஒரு சட்டை."

மெக்கானிக்கின் சிரிப்பு அடங்கியது. "பேரிங் மாத்தணும்னா கடைக்குத் தூக்கிட்டுப் போகணும், பத்து நாளாகும். இப்படியே ஓட்டினா ஒரு மாசம் தாங்கும். அப்புறம் டிரம் உடைஞ்சிடும், ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த அம்மா எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு மாசம் போதும். டாக்டர் அவ்வளவுகூடச் சொல்லல."

மெக்கானிக், தண்ணீர் கீழே இறங்காதபடி மெஷினுக்கு அடியில் அகலமான தட்டு ஒன்றைத் தள்ளி வைத்தார். சாத்திய கதவுக்குள்ளிருந்து கண்டக்டர் கூப்பிட்டார். அன்றைய மூன்றாவது விரிப்பும் நனைந்திருந்தது.