எஸ்தேவேக்கு ஒரு குளியல்

பதினோரு மணிக் கூட்டம் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் தெக்லா துணி உலர்த்துவாள். கொடி ஜன்னலுக்குக் குறுக்கே ஓடுகிறது. வீட்டின் பின்சுவர் ரோமானியர் கட்டிய வளைவு. தேர்ப் பந்தயம் பார்க்க வந்தவர்களை ஒரு காலத்தில் தாங்கி நின்றது. இப்போது சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் தர்ரகோனா நகரத்துக்கு வருகிறவர்கள் அவள் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். கண்ணில் படுவது அவள் கணவர் எஸ்தேவேயின் உள்ளாடைகள்.

"அந்தப் போர்வையை மட்டும் கொஞ்சம் ஒதுக்குங்களேன், தெக்லா. இவங்க ஜப்பான்லேருந்து வந்திருக்காங்க" என்று வழிகாட்டி ஜவுமே கெஞ்சுவான்.

"ஜப்பான்ல போர்வை காயப்போட மாட்டாங்களாமா? அந்தச் செவப்புத் தொப்பிக்காரர் மூஞ்சி வெளிறிப் போச்சு பாரு. மொதல்ல தண்ணி குடிக்கச் சொல்லு. இங்க விழுந்தா நான்தான தூக்கணும்."

முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். யாரையும் முகத்தை வைத்து நினைவில் கொள்வதில்லை. பங்குத் தந்தை அவளுக்கு இடது முட்டி. ரொட்டிக் கடைக்காரர் குடலிறக்கம். ஊரையும் அப்படித்தான் வைத்திருக்கிறாள். பேராலயமா, படிகள் அதிகம், சாய்தளம் கிடையாது. கடலைப் பார்த்த பழைய அரங்கமா, ஒரு பொட்டு நிழல் இல்லை. கடலுக்கு மேலே இருக்கும் மாடம் நல்ல இடம். கம்பி சரியான உயரம், ஒரு பக்கம் கைகால் விழுந்தவர்கள்கூடப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், எதிர் மதுக்கடையில் கழிப்பறைக் கதவு அகலம். யாராவது சுற்றிப் பார்க்க வழி கேட்டால் இதைத்தான் சொல்லி அனுப்புவாள்.

எஸ்தேவே மீன் ஏலக்கூடத்தில் விலை கூவியவர். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கால் படுத்துவிட்டது. குளியல் தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம். அந்தக் கால் அதைத் தாண்டாது. தொட்டியை உடைத்துவிட்டுத் தரைமட்டத்தில் குளிக்க வழி செய்தால் நாற்காலியோடு உள்ளே தள்ளிவிடலாம். அதற்குத் தரையைத் தோண்ட வேண்டும். பழைய நகரத்தில் தரையைத் தோண்டினால் தொல்லியல் ஆளுக்குச் சொல்ல வேண்டும். தெக்லா சொன்னாள். அந்தத் தெருவிலேயே சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"உன்னை யாருடி சொல்லச் சொன்னது?" என்றாள் பக்கத்து வீட்டு ரொசாலியா. "எங்க குளியலறைக்கு அடியில மூணு கல்லு கெடக்கு. சிமெண்டைப் போட்டு மூடிட்டோம். ரோமாபுரிலேருந்து யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

குழாய்க்காரர் தோண்டினார். கல் வந்தது. பெர்தா என்ற தொல்லியல் பெண் மண்டியிட்டுத் தூரிகையால் தூசி தட்டினாள், முகமெல்லாம் பூரிப்பு.

"சென்யோரா தெக்லா, இது ரொம்ப அபூர்வம்!"

"இவருக்குத் தொடை இடுக்குல தோல் செவந்துருக்கு. அதுவும் அபூர்வம்தான். என் கைல இருந்தவங்க ஒருத்தருக்கும் அது வந்ததில்ல."

"குழு கூடி முடிவு பண்ணணும். அதுவரைக்கும் எதையும் தொடக்கூடாது."

"கல்லையா, இவரையா?"

பெர்தா வருத்தப்பட்டாள். நல்ல பெண்தான். குழிமேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டுப் போனாள். குளியலறைக்குத் தண்ணீர் நின்றது. சமையலறை வாசலில் சக்கர நாற்காலி நுழையாது. தெக்லா கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். துடைப்பது குளியல் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். சிவப்பு தினமும் கொஞ்சம் பரவியது.

"நாப்பது வருஷம் மீன் நாத்தத்தோட வந்து படுத்தேன். அப்ப ஒரு வார்த்தை சொன்னியா?" என்றார் எஸ்தேவே.

"அப்ப நீயே எந்திரிச்சுப் போய்க் குளிச்ச, கெழவா."

மே மாதம் ரோமானிய வாரம் வந்தது. ஊரில் பாதிப்பேர் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ரோமானியர்களாகத் திரிவார்கள். நிகழ்ச்சிச் சுவரொட்டியை அவள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டினார்கள். ரொட்டி சுடுதல், வாள் சண்டை, பண்டைக் குளியல் செய்முறை. பார்வையாளரும் பங்கேற்கலாம். கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

சதுக்கத்தில் கல் பலகை, ஜாடி ஜாடியாய் வெந்நீர், எண்ணெய், தோல் சுரண்டும் வளைந்த கத்தி. வெள்ளை அங்கி தரையில் புரள, தோளில் பொன்னிற ஊசியோடு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் பெர்தா. "யாராவது முன்னாடி வரீங்களா?" என்றதும் ஓர் இளைஞன் சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

"நகருப்பா. நீ வீட்ல குளிச்சிட்டுத்தான வந்திருப்ப" என்று தெக்லா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு புகுந்தாள். போர்வைக்கு அடியில் எஸ்தேவே நீச்சல் கால்சட்டையில் தயாராக இருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "யாரு கேக்கறா? யாரு கேக்கறா? புதுச் சரக்கு இல்ல, ஆனா முழுசு!"

கத்தியோடு நெருங்கிய அடிமை வேடக்காரனின் மணிக்கட்டை அவள் பிடித்தாள். "கீழ வை. இந்த வயசுத் தோல், கிழிஞ்சிரும்." பையிலிருந்து தன் சோப்பை எடுத்தாள். கவசம் போட்ட இரண்டு படைவீரர்களை அழைத்தாள். "கைய இழுக்காத, இடுப்பைத் தாங்கு. ஆங், அப்படித்தான்." பலகையில் உட்கார வைத்ததும், "இப்ப கேடயத்தைக் குறுக்க புடிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். பேரரசின் படை திரும்பி நின்றது. கேடயத்துக்குப் பின்னால், அவசரப்படாமல், சிவந்த இடத்தையெல்லாம் கழுவினாள். எஸ்தேவே கண்ணை மூடிக்கொண்டார். ஜவுமேயின் கூட்டம் படம் எடுத்துத் தள்ளியது.

"சென்யோரா தெக்லா..." பெர்தா குனிந்து கிசுகிசுத்தாள். "அடுத்தது வாள் சண்டை. காத்துக்கிட்டிருக்காங்க."

"இருக்கட்டும். கால்தான் பாக்கி."

கடைசி ஜாடியை ஒரு வீரன் உற்சாகமாகக் கவிழ்த்ததில் அவள் கொண்டுவந்த துண்டு முழுக்க நனைந்துபோயிருந்தது. தெக்லா சுற்றுமுற்றும் பார்த்தாள். பெர்தாவின் அங்கி முனையை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். நல்ல பருத்தி. அதை இழுத்து, மண்டியிட்டு, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி எஸ்தேவேயின் கால் விரல்களின் இடுக்கை ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைக்க ஆரம்பித்தாள்.