மாமன் மடி

எங்கள் பக்கத்தில் ஒரு வயதிலேயே காது குத்திவிடுவார்கள். எனக்கு ஆறு வயதாகியும் குத்தவில்லை. தன் உடன்பிறப்பு வராமல் குத்தக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதுதான் காரணம். அம்மாவுக்குத் தம்பியாகப் பிறந்து, பெண்ணாக வாழச் சென்னைக்குப் போனவள் அவள். எனக்கு அம்மா சொல்லிக்கொடுத்திருந்த முறை, சித்தி.

கடைசியில் வீட்டுக்கு மூத்தவரான பெரியப்பா, சரி, வரட்டும் என்று இறங்கி வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் திருவண்ணாமலைக்குப் போய், கிரிவலப் பாதையில் ஒரு சிறிய மண்டபத்தில் இறங்கினோம். சித்தி எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் சீர்த்தட்டு.

பெரியப்பா அம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"தாய்மாமன் மடியிலதாம்மா உக்கார வெக்கணும். வேட்டி சட்டையில வரட்டும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கலாம். சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க."

தாழ்ந்த குரலில்தான் சொன்னார். சித்திக்குக் கேட்டுவிட்டது.

"வேணாம்டி," என்றாள் அம்மா. "காதே குத்தலன்னாலும் பரவால்ல."

"இருக்கட்டும்க்கா. ஒரு அரை மணி நேரம்தானே."

அப்பாவின் வேட்டி சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பொட்டில்லை, பூவில்லை. கூந்தலைச் சுருட்டி, துண்டால் தலைப்பாகை கட்டியிருந்தாள். யாரையும் பார்க்காமல் மணையில் உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும், "சித்தி, வலிக்குமா?" என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மாமான்னு கூப்புடு," என்றார் பெரியப்பா.

சித்தி என் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு காதும் குத்தி முடிப்பதற்குள் நான் மண்டபமே அதிர அலறினேன். நிமிர்ந்தால் அவளும் அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல். எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவள் கன்னத்தைத் துடைத்தேன்.

"அழாத மாமா. எனக்கு வலிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா என் தலையைத் தடவி, சமத்து என்றார்.

சித்தி மறுபடி புடவை உடுத்திக்கொண்டு, பந்தி போடுவதற்கு முன்பே ஆட்டோ ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். சொல்லச் சொன்னதைச் சரியாகச் சொன்ன பெருமையில் நான் இன்னொரு ஜாங்கிரி கேட்டு வாங்கினேன். பக்கத்தில் அம்மா சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்து, நினைத்தபடியே தம்பி மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. அப்புறமும் அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.