அக்கம்பக்கம் போக மிச்சம்

எங்கள் பஸ் டிப்போவில் எனக்கு எதிர் மேசையில் இருப்பவரை எல்லோரும் டைம்டேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்த வழித்தடத்தில் எந்த நேரத்துக்கு எத்தனை பஸ் விட வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. பழைய டிக்கெட் கணக்கு, மழை, பள்ளித் தேர்வு எல்லாவற்றையும் கலந்து பார்த்து, "வியாழக்கிழமை பதினேழாம் நம்பர்ல ஒரு வண்டி கூட விடுங்க" என்பார். வியாழக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். ஓட்டுநர்கள் வானிலை அறிக்கையைவிட அக்காவைத்தான் நம்பினார்கள்.

ஆனால் பாட்டு என்றால் அக்காவுக்குச் சுத்தமாகத் தெரியாது. தன் வீட்டு அழைப்பு மணி எது, பக்கத்து வீட்டு மணி எது என்றே பிரித்துச் சொல்ல வராது. அப்படிப்பட்டவருக்கு நாத்தனாராக வாய்த்தவர் ஒரு பாட்டு டீச்சர். கணவரின் மூத்த சகோதரி, மாடியில் குடியிருந்தார். ஊரில் யார் பாடினாலும் சுருதி விலகுவது முதலில் அவர் காதில்தான் விழும்.

ஆண்டுக்கொரு முறை பல நாடுகள் கலந்துகொள்ளும் பாட்டுப் போட்டி ஒன்று உண்டு. எங்கள் ஊர் டிவியில் ஞாயிறு காலை நேரடியாக வரும். ஒவ்வொரு நாட்டு மக்களும் மற்ற நாட்டுப் பாட்டுகளுக்கு ஓட்டுப் போடுவார்கள். தன் நாட்டுக்குப் போட முடியாது. டீச்சர் அதை ஒரு ஆண்டும் விட்டதில்லை. ஒவ்வொரு பாட்டையும் ஒரே முறை கேட்டு, பழைய நோட்டில் பென்சிலால் நூற்றுக்கு மார்க் போடுவார். அவர் முதல் மார்க் கொடுத்த பாட்டு ஜெயித்ததே கிடையாது. அன்று மதியம் வீட்டில் யாரும் அவரோடு பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு ஆண்டு, அவர் தொண்ணூற்றைந்து மார்க் போட்ட ஒரு தீவு நாட்டுப் பாட்டு இருபத்திரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது. டீச்சர் டிவியை அணைத்துவிட்டு, காது இல்லாத ஜனங்கள் என்று பொரிந்து தள்ளினார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணி, அந்த நாட்டைச் சுத்திக் கடல்தானே? அக்கம்பக்கம் யாருமே இல்லையே. யார் ஓட்டுப் போடுவாங்க?"

டீச்சர் நோட்டை மூடிக்கொண்டு மாடி ஏறிப் போனார். அக்காவுக்கோ தான் சொன்ன வார்த்தையே மண்டையைக் குடைந்தது. இருபத்தொரு ஆண்டு முடிவுகளைத் தேடி எடுத்து, யார் யாருக்கு எவ்வளவு போட்டார்கள் என்று பெரிய அட்டவணை போட்டார். எல்லை ஒட்டிய நாடுகள் ஒன்றுக்கொன்று அள்ளிக் கொடுத்தன. ஒரே பாஷை பேசுகிறவர்களும் அப்படியே. பிழைக்கப் போன இடத்திலிருந்து சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஏராளம். கடைசியில் பாடியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. கடைசி ஆண்டை மறைத்து வைத்துவிட்டு, முந்தைய ஆண்டுகளை வைத்தே அதைக் கணித்துப் பார்த்தார். ஏறக்குறைய பொருந்தியது.

அடுத்த போட்டிக்கு முன்பு, முதல் பத்துக்குள் வரப்போகும் நாடுகள் இவைதான் என்று எழுதிக் கேன்டீன் சுவரில் ஒட்டினார். ஏழு சரி. அதற்கடுத்த ஆண்டும் ஏழு. உள்ளூர் வானொலிக்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல் சொன்னீர்களா என்று அறிவிப்பாளர் வியந்தபோது, "ஆமாங்க" என்றார் அக்கா. அதைக் கேட்ட டீச்சர் ஒரு வாரம் கீழே இறங்கவில்லை.

எங்களுக்கு ஏழு போதும். அக்காவுக்குத் தவறிப்போன மூன்றுதான் உறுத்தியது. பஸ் கணக்கு தவறினால் அந்த நிறுத்தத்துக்கே போய் நின்று பார்க்கிறவர் அவர். ஒரு முறை அப்படிப் போய்த்தான், புதிதாக ஒரு தையல் கம்பெனி திறந்திருப்பதைக் கண்டுபிடித்தார். இதற்கு எங்கே போய் நிற்பது? கணக்குக்கு மேல் வந்த ஓட்டு, குறைந்த ஓட்டு இரண்டையும் தனியே எழுதினார். உடை, வயது, எத்தனை பேர் ஆடினார்கள் என்று எதை எதையோ வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அப்போதுதான் மாடியில் இருந்த பென்சில் நோட்டுகள் நினைவுக்கு வந்தன.

கேட்பதற்கு நாலு நாள் தயங்கினாராம். டீச்சரோ, என் மார்க்கும் தப்பு என்று காட்டத்தானே என்று கேட்டுவிட்டு, கட்டோடு எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் நான் மார்க்கை வாசிக்க, அக்கா கணினியில் ஏற்றினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள். கடைசி நோட்டு முடிந்ததும், டீச்சரின் மார்க் ஒரு பக்கம், கணக்குக்கு மேலோ கீழோ போன ஓட்டு ஒரு பக்கம் என்று கணினியில் படம் போட்டார். திரையில் புள்ளிகள் எறும்பு வரிசை போலக் கோணலாக, ஆனால் மேல்நோக்கி ஏறின. அக்கா எழுந்து நின்றுவிட்டார். அரை நாள் விடுப்பு எழுதி என் கையில் திணித்துவிட்டு, அச்சடித்த தாளோடு அடுத்த பஸ்ஸில் ஏறினார். மாடியில் நடந்ததை மறுநாள் அவரே சொன்னார்.

"அண்ணி, அக்கம்பக்கம், பாஷை, பாடின வரிசை எல்லாத்தையும் ஓட்டுலேர்ந்து கழிச்சுட்டேன். மிச்சம் நிக்கிறது உங்க மார்க் மாதிரியே ஏறி இறங்குது."

"அப்படின்னா?"

"ஜனங்களுக்குக் காது இருக்குன்னு அர்த்தம். முழுசா இல்லேன்னாலும் பாதி."

டீச்சர் தாளைக் கையில் வாங்கினார். புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தத் தீவுப் பாட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"என் கணக்குப்படி ஓட்டுல அதுக்கு வந்திருக்க வேண்டியது பன்னெண்டு பாயிண்ட். வந்தது எழுபத்தொண்ணு. சொந்தம் இல்ல, பந்தம் இல்ல. அந்த அம்பத்தொம்பதும் பாட்டுக்கே விழுந்தது, அண்ணி."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாராம். பிறகு அந்தப் பாட்டைப் போட்டு அக்காவைக் கேட்க வைத்தார். அக்கா புரியாமலே தலையாட்டினார். "தலையாட்டறதுலயும் தாளம் தப்புது," என்றார் டீச்சர்.

அந்த ஆண்டு இருவரும் சேர்ந்தே கணித்தார்கள். போட்டிக்கு முந்தைய வாரமே பாட்டுகள் வெளியாகிவிட, டீச்சர் மார்க் போட்டார்; அக்கா கணக்கில் சேர்த்தார். இரண்டாவதாகப் பாடவிருந்த ஒரு மலை நாட்டுப் பாட்டை அக்காவின் பழைய கணக்கு பதினேழாவது இடத்தில் தள்ளியிருந்தது. டீச்சர் தொண்ணூற்றொன்று போட்டதும் அது ஐந்துக்கு ஏறியது. ஞாயிறு காலை நாங்கள் நாலைந்து பேர் அவர் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு நாட்டு ஓட்டு வரும்போதும் அக்காவின் விரல் தாளில் ஓடியது. டீச்சர் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். மலை நாடு நாலாவதாக வந்தது. பத்தில் ஒன்பது சரி.

நாங்கள் கைதட்டினோம். டீச்சர் மட்டும், நாலாவதாம், முதலாவதாக வந்திருக்க வேண்டிய பாட்டு என்று ஆரம்பித்தார். ஆனால் மதியம் எல்லோருக்கும் அவரே பரிமாறினார்.

பிறகு, வானொலிப் பேட்டியைக் கேட்டிருந்த ஒரு கல்லூரிப் புள்ளியியல் பேராசிரியர் அட்டவணையை அனுப்பச் சொல்லிக் கேட்டார். அனுப்பிய பத்தாம் நாள் பதில் வந்தது: எல்லாம் தெளிவாக இருக்கிறது, 'அண்ணி' என்று தலைப்பிட்ட கட்டத்தில் இருப்பது என்ன அளவு?

அக்கா மாடிப்படியில் நின்று சத்தமாக வாசித்துக் காட்டினார். என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, மேலே ஆர்மோனியத்தின் முன் இருந்த டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "நேர்ல வந்து கேட்டுட்டுப் போகச் சொல்லு."

அவரும் ஒரு சனிக்கிழமை வந்தார். டீச்சரின் காதை ஒரு அளவாக எடுத்துக்கொள்ளலாமா என்று காபி ஆறும்வரை மூவரும் சண்டை போட்டார்கள்.