உம்மாவின் தலைக்கு ஒரு போத்தல் எண்ணெய்

உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவர் போனில் சொல்லித் தந்தபடி இன்று கறிவேப்பிலை, வெந்தயம், கற்பிட்டிச் சின்ன வெங்காயம் எல்லாம் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினேன்.

"பூசினீங்களா மகள்? முடியக் காட்டுங்க" என்று வீடியோவில் கேட்டார். பின்னலை அவிழ்த்துக் காட்டினேன்.

"மாஷா அல்லாஹ், குதிர வால்!"

"இப்ப உங்கட முடியக் காட்டுங்க உம்மா."

சிரித்துக்கொண்டே முக்காட்டை இறுக்கினார். நான் விடவில்லை. கடைசியில் விலக்கினார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"சாப்பாட்டில முடி கிடந்ததாம். மேடம் வெட்டிப்போட்டா. வாப்பாட்ட சொல்லாதீங்க மகள்."

வாப்பா பக்கத்து அறையில் நித்திரை. எனக்குப் பயமாக இருக்கிறது.

முக்கால் போத்தல் எண்ணெய் மிச்சம். குவைத்துக்கு அனுப்ப வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெங்காய மணத்துக்கும் மேடம் ஏசாமல் இருந்தால் சரி.